டிரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதா, சரக்கு இழுப்பதா, ஊருக்குள் ஓட்டுவதா? ஓய்வுபெற்ற ஓட்டுநருக்கு ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கங்களில் ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவராவது இல்லாத தெருவைக் காண்பது கடினம். பேருந்து ஓட்டியவர்கள், வடக்குக் கடற்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றியவர்கள், டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக் கன்டெய்னர் கொண்டுபோனவர்கள் என்று பலர் அறுபது, அறுபத்தைந்து வயதில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வந்த சில மாதங்களிலேயே அவர்களிடமிருந்தும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய மனைவியரிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும், ஒரே கேள்வி வருகிறது. டிரெய்லர் இழுக்கும் கனரக வண்டிக்கான கோட் 14 உரிமம் கையில் இருக்கிறது, உடம்பும் ஓரளவு ஒத்துழைக்கிறது, ஓய்வூதியம் மட்டும் போதவில்லை. இந்த வயதில் எந்த ஓட்டம் சரிப்பட்டு வரும்?

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது டிரக் டெலிவரி, அதாவது சரக்கை அல்லாமல் வண்டியையே தொழிற்சாலையிலிருந்தோ துறைமுகத்திலிருந்தோ விற்பனையாளரிடமோ வாங்கியவரிடமோ ஓட்டிப்போய்ச் சேர்க்கும் வேலை. இரண்டாவது, சரக்கு நிறுவனங்களில் விடுப்பில் போனவருக்குப் பதிலாகச் சில வாரங்கள் ஓட்டும் மாற்று ஓட்டுநர் வேலை. மூன்றாவது, ஊருக்குள்ளேயே சிறிய டிரக்கோ பள்ளி வண்டியோ ஓட்டுவது. ஓட்டங்களை ஒதுக்கிக் கொடுக்கும் மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் முதலாவது வழியைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன். காரணம், அதுதான் கேட்பதற்கு மிக எளிதாகத் தோன்றி, கணக்கில் மிக அதிகமாக ஏமாற்றுவது.

## எதைக் கொண்டு அளப்பது

பணத்திலிருந்து தொடங்குவதே வழக்கம் என்றாலும், உடம்பிலிருந்தும் உரிமத்திலிருந்தும் தொடங்குவதே சரி. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்ட சரக்கு வண்டியைத் தொழிலாக ஓட்டுவதற்கு, உரிம அட்டையோடு பிடிபி எனப்படும் தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அட்டைக்கு ஆயுள் 5 ஆண்டுகள், பிடிபிக்கு 24 மாதங்கள். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். கனரக வண்டிக்கு ஒவ்வொரு கண்ணிலும் 6/9 பார்வை தேவை; சாதாரணக் காருக்கு 6/12 போதும். ஒரு கண்ணில் புரை முற்றிய ஒருவர் வீட்டுக் காரை எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கனரக உரிமத்துக்கான தகுதியை இழந்திருக்கக் கூடும். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும், இரத்த அழுத்தத்தால் வரும் மயக்கமும் சட்டப்படியே தகுதியிழப்புக் காரணங்கள். இந்த நாட்டில் இந்திய வம்சாவளியினரிடையே நீரிழிவு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது தெரிந்ததே. எனவே வேலை தேடுவதற்கு முன்பே சர்க்கரை அளவையும் கண்ணையும் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த அளவுகோல் பணம். ஆனால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓட்டத்துக்கு எவ்வளவு என்று பார்க்கக் கூடாது. வீட்டு வாசலை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்து மீண்டும் வாசலில் கால் வைக்கும் நேரம் வரை எத்தனை மணி ஆகிறது, அதில் செலவு போகக் கையில் நிற்பது எவ்வளவு என்பதே உண்மையான கூலி.

மூன்றாவது அளவுகோல் பொறுப்பு. வண்டிக்குச் சேதம் வந்தால் யார் கட்டுவது, ஓட்டுநருக்குக் காயம் பட்டால் யார் கட்டுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை, நீங்கள் ஊழியரா அல்லது தனி ஒப்பந்தக்காரரா என்பதைப் பொறுத்தது. இதற்குப் பிறகுதான் வீட்டை விட்டு வெளியே கழிக்கும் இரவுகள், சாலையின் ஆபத்து, ஓய்வூதியத்திலும் வரியிலும் ஏற்படும் விளைவு ஆகியவை வருகின்றன.

## முதல் வழி: டிரக் டெலிவரி

டர்பனில் இந்த வேலைக்கு இடம் உண்டு. ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா வளாகத்தில் ஹினோ டிரக்குகளும், பைன்டவுனில் மான் டிரக்குகளும் பாகங்கள் சேர்த்து உருவாக்கப்படுகின்றன. மெர்சிடிஸ் டிரக்குகள் ஈஸ்ட் லண்டனிலும், இசுசு டிரக்குகள் இப்போது கெபெர்ஹா எனப்படும் போர்ட் எலிசபெத்திலும், ஃபா டிரக்குகள் கூகாவிலும் உருவாகின்றன. தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும் வண்டி பெரும்பாலும் வெறும் கேபினும் சேசிஸ் எனப்படும் அடிச்சட்டமும்தான். அது முதலில் பாடி கட்டும் பட்டறைக்குப் போய்ப் பெட்டியோ டிப்பரோ குளிர்சாதன அறையோ பொருத்தப்பட்டு, பிறகு விற்பனையாளரிடம் போய், அங்கிருந்து வாங்கியவரின் யார்டுக்குப் போகிறது. ஒரே வண்டி இப்படி இரண்டு மூன்று முறை இடம் மாறுகிறது. சில வண்டிகள் லோபெட் எனப்படும் தாழ்வான டிரெய்லரில் ஏற்றப்பட்டுப் போகும். மற்றவை, இன்னும் பதிவாகாத வண்டிக்கான வணிக எண் பலகை மாட்டிக்கொண்டு சாலையில் ஓடியே போகும். அந்த ஓட்டத்துக்குத்தான் ஆள் தேவைப்படுகிறது.

வயதானவருக்கு இதில் உண்மையான வசதிகள் இருக்கின்றன. சரக்கு ஏற்றும் இடத்தில் காத்திருக்க வேண்டியதில்லை, தார்ப்பாய் கட்ட வேண்டியதில்லை, பின்னால் இரண்டு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு 56 டன்னைக் குறுகிய யார்டில் திருப்ப வேண்டியதில்லை. வண்டி புதியது, பிரேக் புதியது, இருக்கை காற்றுத் தாங்கியில் அசைகிறது. சரக்கு இல்லாததால் கொள்ளையடிக்கக் காத்திருப்பவர்களின் கண்ணும் அவ்வளவாகப் படுவதில்லை. ஆனால் புதிய வண்டியே ஒரு சரக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. வேண்டும்போது ஓட்டத்தை ஏற்கலாம், புரட்டாசி மாதத்திலோ காவடி வாரத்திலோ வேண்டாம் என்று சொல்லலாம். எந்த மேலாளரும் முகம் சுளிக்க மாட்டார். அடுத்த பெயருக்குப் போன் செய்வார், அவ்வளவுதான்.

இனி கணக்குக்கு வருவோம். டிரக் ஒரு வழி போகிறது, ஓட்டுநர் இரு வழி போகிறார். டர்பனிலிருந்து ப்ளூம்ஃபான்டைன் வழியாகக் கேப் டவுனுக்கு ஏறக்குறைய 1,650 கிலோமீட்டர். 9,000 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்குச் சட்டப்படி உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். மலையேற்றம், சாலைப் பணி, டோல் எல்லாம் சேர்த்துச் சராசரி 66 கிலோமீட்டர் வந்தாலே நல்ல ஓட்டம். அதாவது ஸ்டியரிங்கில் மட்டும் 25 மணி நேரம். எடுக்கும் இடத்திலும் கொடுக்கும் இடத்திலும் சரிபார்ப்புக்கு 4 மணி. திரும்பி வரப் பேருந்தில் ஏறக்குறைய ஒரு முழு நாள், இன்னொரு 25 மணி என்று வைத்துக்கொள்ளலாம். தூங்கும் நேரத்தைச் சேர்க்காமலே 54 மணி ஆகிவிட்டது. ஓட்டக் கூலி 3,000 ராண்டு என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டு, அதில் பேருந்துக்கு 900, இரண்டு இரவுத் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் 600 என்று கழித்தால் மிச்சம் 1,500. அதை 54ஆல் வகுத்தால் மணிக்கு 28 ராண்டுகூட இல்லை. 2025 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட தேசியக் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. 3,000 என்று காதில் விழுந்தபோது இருந்த மகிழ்ச்சி வகுத்துப் பார்த்ததும் காணாமல் போய்விடும். உங்களுக்குச் சொல்லப்படும் தொகை வேறாக இருக்கலாம். வகுக்கும் முறை மாறாது.

இதே வேலையை வேறு விதமாகப் பெற்றால் கணக்கும் வேறாகிறது. ப்ராஸ்பெக்டனிலிருந்து ஒரு வண்டியை ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்துக்குக் கொண்டுபோய், அங்கே பாடி கட்டி முடித்த இன்னொரு வண்டியையோ, விற்பனையாளர் பழையதாக எடுத்துக்கொண்ட வண்டியையோ டர்பனுக்கு ஓட்டிவந்தால், பேருந்துச் செலவும் இல்லை, கூலியில்லாத மணிகளும் இல்லை. என்3 நெடுஞ்சாலையில் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 570 கிலோமீட்டர்தான். ஒரு நாள் போக, ஒரு நாள் வர. இந்த இரட்டை ஓட்டங்களை ஒதுக்குபவர் தமக்கு நெருக்கமான, வண்டியைக் கீறல் இல்லாமல் சேர்ப்பவர் என்று பெயரெடுத்த ஓட்டுநர்களுக்கே கொடுப்பார். புதிதாக வருபவருக்குக் கேப் டவுனும், அதைவிட மோசமாக, ஈஸ்ட் லண்டனுக்கு முதலில் பேருந்தில் போய் அங்கிருந்து வண்டி எடுத்துவரும் ஓட்டமும் வந்து விழும். கெய் கட்டிங்ஸ் இறக்கம், உம்டாட்டா, கோக்ஸ்டாட் வழியாக வரும் அந்த என்2 பாதையில் குழிகளும் மேய்ச்சல் மாடுகளும் அதிகம். இருட்டிய பிறகு அங்கே புது வண்டியோடு வருவதற்கு நான் யாரையும் அனுப்ப விரும்பியதில்லை.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது தங்கல். வாடிக்கையாளரிடம் பிளாஸ்டிக் உறை பிரிக்காத இருக்கையோடு வண்டியைச் சேர்க்க வேண்டியிருப்பதால், கேபின் படுக்கையில் தூங்கக் கூடாது என்று நிபந்தனை போடுபவர்கள் உண்டு. அப்படியானால் அறை வாடகை யாருடையது என்பதைக் கேட்டாக வேண்டும். இரண்டாவது, காப்பீட்டுக் கோரிக்கையில் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய எக்ஸஸ் தொகை. என்3இல் முன்னால் போகும் டிப்பரிலிருந்து தெறிக்கும் ஒரு கல் கண்ணாடியில் பட்டாலே ஒரு ஓட்டத்தின் கூலி போய்விடலாம். ஊழியராக இருப்பவரிடம் சேதத்துக்காகச் சம்பளத்தைப் பிடிப்பதற்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. நியாயமான விசாரணை நடந்திருக்க வேண்டும், பிடித்தம் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தக்காரர் என்று கையெழுத்திட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. பணியில் காயம் பட்டால் தொழிலாளர் இழப்பீட்டு நிதியிலிருந்து கிடைக்கும் தொகையும் ஊழியருக்கே உரியது. சாலை விபத்து நிதியம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். விபத்துக்கு முழுக் காரணம் நீங்களேயானால் அந்த நிதியத்திலிருந்து உங்களுக்கு எதுவும் வராது. மேடுபள்ளம் தெரியாத புதிய சாலையில், இரவு மழையில், தனியாக ஓட்டுபவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வண்டியின் தன்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பது ஆண்டுகள் பாரம் ஏற்றி ஓட்டியவருக்கு வெறும் சேசிஸ் அந்நியமானது. பின் அச்சின் மேல் எடை இல்லாததால் ஈரச் சாலையில் அது எளிதாக வழுக்கும், குழியில் துள்ளும், வான் ரீனன் கணவாயில் அடிக்கும் பக்கக் காற்றுக்கு ஆடும். பாரம் இருக்கும்போது பழகிய அழுத்தத்தில் பிரேக்கை மிதித்தால் விளைவு வேறாக இருக்கும். கையால் மாற்றும் ரோட்ரேஞ்சர் கியரில் வளர்ந்தவர்களுக்குத் தானியங்கி கியரும், பிரேக்கை மிதிக்காமலே வேகத்தைக் குறைக்கும் ரிடார்டரும் வேறு உலகம். வண்டியை எடுப்பதற்கு முன் யார்டிலேயே அரை மணி நேரம் அதைப் பழகிக்கொள்ள அனுமதி கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

எல்லை தாண்டும் ஓட்டங்கள் தனி ரகம். பைட்பிரிட்ஜ் வழியாக ஜிம்பாப்வேக்கும் சாம்பியாவுக்கும், அதற்கப்பால் கசும்பலேசா வழியாகக் காங்கோவுக்கும் போகும் வண்டிகளுக்குக் கூலி அதிகம். ஆனால் எல்லையில் வரிசை எவ்வளவு நேரத்தில் நகரும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. காங்கோவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். அந்த ஊசியை 60 வயதைக் கடந்தவர் முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது கடுமையான பக்கவிளைவுகளுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதால், மருத்துவரிடம் ஆலோசிக்காமல் போட்டுக்கொள்ளவே கூடாது. சாம்பெசி பள்ளத்தாக்கில் மலேரியாவும் உண்டு. என் கருத்தில், ஓய்வுபெற்ற பிறகு புதிதாக ஏற்க வேண்டிய ஓட்டம் இது அல்ல.

இவ்வளவுக்கும் பிறகு டெலிவரி யாருக்கு நன்று? மாத வருமானம் ஓய்வூதியத்தால் ஓரளவு உறுதியாகி, சாலையின் மேல் விருப்பம் குறையாமல், மாதத்துக்கு இரண்டு மூன்று ஓட்டம் போதும் என்று நினைப்பவருக்கு இதைவிட இலகுவான வேலை கனரக வண்டியில் இல்லை. கௌட்டெங்கிலோ கேப் டவுனிலோ மகனோ மகளோ இருந்து, அங்கே ஓரிரு நாள் தங்கி வருவதைச் செலவாகக் கருதாதவருக்கு இன்னும் பொருத்தம். பேரப்பிள்ளையைப் பார்க்கும் பயணத்துக்கு யாரோ டீசல் போடுகிறார்கள் என்ற கணக்கு அது.

## இரண்டாம் வழி: மாற்று ஓட்டுநராகச் சரக்கு டிரக்

பணத்தை மட்டும் பார்த்தால் இதுவே முன்னால் நிற்கும். சாலைச் சரக்குத் துறைக்கென்று, ஊதியமும் வேலை நிபந்தனைகளும் பேசி முடிக்கும் தேசியக் கவுன்சில் ஒன்று இருக்கிறது. அதன் ஒப்பந்தத்துக்குள் வரும் நிறுவனத்தில் ஊதியம், வாரத்துக்கு 45 மணி என்ற சாதாரண வேலை நேரம், கூடுதல் நேரக் கூலி, வெளியே தங்கும் இரவுக்கான படி ஆகியவை எழுத்தில் இருக்கும். டிசம்பர் விடுப்பு, ஈஸ்டர், மாதக் கடைசி ஆகிய காலங்களில் ஆள் தட்டுப்பாடு இருப்பதால், பழைய நிறுவனமே கூப்பிடவும் கூடும். கொண்டுபோன ஹார்ஸிலேயே, அதாவது டிரெய்லரை இழுக்கும் முன் வண்டியிலேயே, திரும்பி வருவதால் பேருந்துச் செலவு இல்லை.

விலையை உடம்பு கொடுக்கிறது. இரண்டு டிரெய்லர்களை இழுக்கும் சூப்பர்லிங்க் வண்டியின் ஓட்டங்களில் பெரும் பகுதி இரவில்தான். டவுன் ஹில்லில் ஏறும்போதும், வான் ரீனனில் இறங்கும்போதும், 56 டன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு தூக்கத்தோடு போராடுவது நாற்பது வயதில் ஒரு விதம், அறுபத்தைந்தில் வேறு விதம். 2013 செப்டம்பரில் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த டிரக் ஒன்று மினிபஸ் டாக்ஸிகளில் மோதி 24 பேர் இறந்ததை டர்பனில் ஓட்டிய எவரும் மறக்கவில்லை. பிரேக்கைச் சரிபார்ப்பது நிறுவனத்தின் பொறுப்பாயினும், நீதிமன்றத்தில் நிற்பது ஓட்டுநர்தான். நிரந்தர ஓட்டுநர் தன் வண்டியின் குறைகளை அறிவார். மாற்று ஓட்டுநருக்குக் கிடைப்பது பிறருடைய வண்டி. புறப்படும் முன் சோதனையைக் காகிதத்தில் டிக் அடித்து முடிக்காமல், உண்மையிலேயே சுற்றிவந்து குனிந்து பார்த்துச் செய்ய வேண்டும்.

சாலையின் ஆபத்தும் இந்த வழியில்தான் அதிகம். 2021 ஜூலைக் கலவரத்தில் மூய் ரிவர் டோல் அருகே டிரக்குகள் எரிக்கப்பட்டன; 2023 ஜூலையில் வான் ரீனனில் மீண்டும் அதுவே நடந்தது. எரிந்தவை சரக்கு வண்டிகள். அந்த வழியே டெலிவரிக்குப் போகும் புது வண்டியும் அதே வரிசையில்தான் நிற்கும் என்றாலும், வாரத்துக்கு மூன்று முறை அங்கே போகிறவருக்கும் மாதத்துக்கு இரண்டு முறை போகிறவருக்கும் வேறுபாடு உண்டு.

இன்னொரு தடை நிறுவனத்தின் காப்பீடு. ஓட்டுநரின் வயதுக்கு வரம்போ, குறிப்பிட்ட வயதுக்கு மேல் கூடுதல் மருத்துவப் பரிசோதனையோ கேட்கும் காப்பீடுகள் இருக்கின்றன. நேர்காணலில் உங்கள் திறமையைப் புகழ்ந்துவிட்டுப் பிறகு பதில் வராமல் போனால், காரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும். ஓய்வுபெற்று ஓராண்டுக்குள், உடல் பழக்கம் விட்டுப்போகும் முன், கடன் ஒன்றை அடைப்பதற்காகவோ மகள் திருமணத்துக்காகவோ குறிப்பிட்ட சில மாதங்களுக்கு மட்டும் இதை ஏற்பவருக்கு இது சரியான வழி. வரம்பில்லாமல் ஏற்பது, ஓய்வே பெறாமல் இருப்பதற்குச் சமம்.

## மூன்றாம் வழி: ஊருக்குள் ஓட்டுவது

ஹார்ட்வேர் கடை, பேக்கரி, மரச்சாமான் கிடங்கு ஆகியவற்றுக்கு 4 டன், 8 டன் வண்டி ஓட்டுவதற்கு, கோட் 14க்குக் கீழ்ப்பட்ட கோட் 10 உரிமமும் சரக்குக்கான பிடிபியும் போதும். மாலையில் வீட்டில் சாப்பாடு, வெள்ளிக்கிழமை கோவில், மாத்திரைகள் நேரத்துக்கு. கூலி குறைவு, ஆனால் வாசல் முதல் வாசல் வரை என்ற கணக்கில் பார்த்தால், நீண்ட டெலிவரி ஓட்டத்தைவிட மணிக்கு அதிகமாகவே நிற்கக் கூடும். கவனிக்க வேண்டியது, ஓட்டுநரே சாமான் இறக்க வேண்டுமா என்பது. உதவியாள் இல்லாமல் சிமென்ட் மூட்டை இறக்கும் வேலையை முதுகு அதிக நாள் பொறுக்காது.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேலை வெளிப்பார்வைக்கு இதைவிட மென்மையானது. ஆயினும் பயணிகளுக்கான பிடிபி வேறு வகை, அதற்குக் குற்றப் பதிவுச் சரிபார்ப்பு உண்டு. வண்டி சொந்தமானால் மாகாண அமைப்பிடமிருந்து இயக்க உரிமமும் வேண்டும். பள்ளி விடுமுறைகளில் வருமானம் நின்றுவிடும், வண்டிக் கடன் நிற்காது. சொந்தமாக வண்டி வாங்கி இதில் இறங்குவதை அறுபதுக்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன். வேறொருவரின் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுவது வேறு விஷயம்.

கோட் 14 கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் வேலையும் இந்த வகையில் சேரும். அதற்குப் பயிற்சியாளராகப் பதிவு பெற வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு நல்லது, இல்லாதவர்களுக்கு இரத்த அழுத்தம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | டிரக் டெலிவரி | மாற்று ஓட்டுநர் | ஊருக்குள் |
|---|---|---|---|
| உரிமம் | பெரும்பாலும் கோட் 14, சரக்குப் பிடிபி | கோட் 14, சரக்குப் பிடிபி, காப்பீட்டின் வயது நிபந்தனை | கோட் 10 போதும். பள்ளி வண்டிக்குப் பயணிகள் பிடிபி |
| கையில் நிற்கும் கூலி | இரட்டை ஓட்டமானால் நன்று, ஒற்றை ஓட்டமானால் மிகக் குறைவு | மூன்றிலும் அதிகம் | குறைவு, ஆனால் சீரானது |
| மறைந்த செலவு | திரும்பும் பயணம், அறை, எக்ஸஸ் | தூக்கம், உடல்நலம் | சுமை இறக்குதல், விடுமுறை மாதங்கள் |
| வெளியே இரவுகள் | ஓட்டத்துக்கு 1 முதல் 4 | வாரத்தில் பெரும்பாலான இரவுகள் | இல்லை |
| காயம் பட்டால் | ஒப்பந்தக்காரரானால் உங்கள் தலையில் | ஊழியராக இழப்பீட்டு நிதி | ஊழியராக இழப்பீட்டு நிதி |
| வேண்டாம் என்று சொல்லும் உரிமை | உண்டு | ஒப்பந்த காலத்தில் இல்லை | இல்லை |

## ஓய்வூதியமும் வரியும்

அரசின் முதியோர் உதவித்தொகையை 60 வயதிலிருந்து பெறலாம். 2025இல் அது மாதம் 2,300 ராண்டுக்குச் சற்று மேல் இருந்தது. அது வருமானச் சோதனைக்கு உட்பட்டது, திருமணமானவருக்குக் கணவன் மனைவி இருவரின் வருமானமும் கணக்கில் வரும். வேலையில் சேர்ந்ததை, உதவித்தொகை வழங்கும் அரசு அமைப்பான சாசாவிடம் தெரிவிக்காமல் இருந்து, பிறகு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால், டெலிவரியில் சம்பாதித்தது அனைத்தும் அதற்கே போகும். இந்தத் தொகையை நம்பியிருக்கும் குடும்பம், வேலையால் வரும் கூடுதல் வருமானம் உதவித்தொகையில் குறையப்போவதைவிட அதிகமா என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

நிறுவன ஓய்வூதியம் பெறுபவருக்குச் சிக்கல் வேறு. 2025–26 வரியாண்டில் 65 முதல் 74 வயது வரை உள்ளவருக்கு ஆண்டு வருமானம் 148,217 ராண்டைத் தாண்டினால்தான் வருமான வரி இருந்தது. அந்த ஆண்டின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 66 வயதான ஒருவருக்கு ஓய்வூதியமாக மாதம் 10,000 வருகிறது, டெலிவரியில் மாதம் 4,000 வருகிறது என்று கொண்டால், ஆண்டுக்கு 168,000 ஆகிறது. வரம்பைத் தாண்டிய 19,783 ராண்டுக்கு 18 சதவீதம், அதாவது சுமார் 3,560 ராண்டு வரி. தொகை பெரிதல்ல. ஆனால் ஓய்வூதியம் கொடுப்பவர் அதைப் பிடிக்க மாட்டார், ஏனெனில் அவர் கொடுக்கும் 120,000 வரம்புக்குள் இருக்கிறது. டெலிவரி நிறுவனமும் ஒப்பந்தக்காரரிடம் பிடிக்காது. பிறகு வரியை மொத்தமாகக் கேட்கும்போது கையில் பணம் இருக்காது. ஒவ்வொரு ஓட்டக் கூலியிலிருந்தும் ஒரு பகுதியைத் தனியே வைப்பதும், பேருந்துச் சீட்டு, அறை ரசீது ஆகியவற்றைச் சேர்த்து வைத்துச் செலவாகக் கணக்குக் காட்டுவதும் அவசியம்.

## கையெழுத்துக்கு முன்

டெலிவரியை விரும்புபவர் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. திரும்பும் பயணச் சீட்டை எடுப்பவர் யார். பேருந்து ஏறும் வரை காத்திருக்கும் நாளுக்குக் கூலி உண்டா. எக்ஸஸ் யாருடையது, அதற்கு மேல்வரம்பு எவ்வளவு. வேக அபராதம் வந்தால் எப்படி உங்களுக்குத் தெரிவிப்பார்கள். வழியில் வண்டி நின்றுவிட்டால் அந்த நாட்களுக்கு என்ன கணக்கு. 2024 செப்டம்பரில் வான் ரீனன் பகுதியில் பனி கொட்டி என்3 மூடப்பட்டபோது, ஓட்டுநர்கள் வண்டிக்குள்ளேயே இரவைக் கழித்தார்கள். ஓட்டத்துக்கு இவ்வளவு என்று பேசியவருக்கு அந்த இரவுக்குக் கூலி இல்லை. அப்படிப்பட்ட நேரத்துக்காகவே இரண்டு நாளுக்கான மாத்திரைகள் கூடுதலாகப் பையில் இருக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர் விரதமாக இருக்கும் நாட்களில் நீண்ட ஓட்டத்தை ஏற்காமல் இருப்பதே நல்லது.

வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும், கண்ணாடி, டயர், கிலோமீட்டர் மீட்டர், டீசல் அளவு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, கொடுக்கும் இடத்திலும் அதையே செய்து, பெறுபவரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பிடிபி வைத்திருப்பவருக்கு இரத்தத்தில் மது அளவு 100 மில்லிலிட்டருக்கு 0.02 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால், முந்தைய இரவு கல்யாண வீட்டில் குடித்ததும் காலைச் சோதனையில் தெரியக் கூடும்.

உரிமத்தின் தேதியையும் பாருங்கள். 2025 தொடக்கத்தில் நாட்டின் ஒரே உரிம அட்டை அச்சு இயந்திரம் பழுதாகிப் பல லட்சம் அட்டைகள் தேங்கின. காலாவதிக்குப் பல வாரங்கள் முன்பே புதுப்பிக்கக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

## எவருக்கு எது

ஓய்வூதியம் வீட்டுச் செலவுக்குப் போதாமல், மாதம் தவறாமல் ஒரு தொகை வேண்டும் என்பவர் ஊருக்குள் ஓட்டுவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். டெலிவரியில் ஒரு மாதம் ஆறு ஓட்டம் வரும், அடுத்த மாதம் ஒன்றும் வராது. குறுகிய காலத்தில் பெரிய தொகை தேவைப்படுபவர், உடலும் கண்ணும் சரியாக இருந்தால், முடிவு தேதியை முன்பே வைத்துக்கொண்டு மாற்று ஓட்டுநராகப் போகலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவரும், தூக்கத்தில் மூச்சுத் திணறல் உள்ளவரும், எந்த மருத்துவர் எந்தச் சான்றிதழ் கொடுத்தாலும், முதல் இரண்டு வழிகளையும் விட்டுவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

எஞ்சியவர்களுக்கு டெலிவரி உகந்தது. அவர்களிலும், மனைவி வீட்டில் தனியாக இருக்க வேண்டியவர்கள் நீண்ட ஓட்டங்களை ஏற்பதற்கு முன் அதை அவரோடு பேசி முடிவு செய்வது முறை. டர்பனில் வீடுகள் உடைக்கப்படும் கதைகளைக் கேட்டுக்கொண்டு நான்கு இரவு தனியே இருப்பவர் அவர்தான். முதல் ஓட்டமாகக் கேப் டவுனை ஏற்காமல், கௌட்டெங்குக்கு ஓர் இரட்டை ஓட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். இரட்டை ஓட்டம் கிடையாது என்று சொல்லும் நிறுவனத்திடம், திரும்பும் பேருந்துச் சீட்டு அவர்கள் பெயரில் எடுக்கப்படுமா என்று கேளுங்கள்; அதற்கும் தயங்கினால் அடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள்.